ஹில்மர் தியாடன் நிறுத்திய வாக்கியம்

சாகக் கிடந்த மனைவி தண்ணீர் கேட்டாள். கேட்ட வாக்கியத்தில் வினைச்சொல் தப்பாக இருந்தது என்பதற்காக ஹில்மர் தியாடன் தண்ணீர் கொடுக்கவில்லை. நவம்பர் மாதம், வட ஜெர்மனியில் எங்கள் லேர் நகரத்து ரொட்டிக்கடை வரிசையில் எனக்குக் கிடைத்த செய்தி இது. ரொட்டிக்கடையில் அவள் ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். மீன் வண்டியை நான் எட்டுவதற்குள் பல தடவை கேட்டுவிட்டாள். மருந்துக்கடையில் அழுதுகொண்டே கேட்டாள். நான் ஆற்றுப்பாலம் வரை நடந்திருந்தால் அவளே எழுந்துபோய்க் குழாயைத் திறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரிச் செய்திகளை நான் சரிபார்ப்பதில்லை. சரிபார்த்தால் பத்திரிகையில் வாராவாரம் என் பத்தியை எதைக்கொண்டு நிரப்புவது? இந்தத் தடவை மட்டும் தப்பிக்க முடியவில்லை. இறந்துபோன அந்த மனைவி பிர்தேயின் மகள் சிக்னே ஓல்டன்பர்கிலிருந்து ரயிலேறி வந்து, பத்திரிகை அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே ஈரக் கோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வகுப்பில் அவள் என்னிடம் பேசியதாக ஞாபகம் இல்லை.

"ஊர்ல எல்லாரையும் நீ கிண்டல் பண்ணி எழுதியிருக்க. அதனால உன்னைப் பார்த்தா எல்லாரும் பயந்துகிட்டு உண்மையச் சொல்லுவாங்க. போய்க் கேட்டுட்டு வா."

"எதை?"

"தண்ணி குடுத்தாரா இல்லையான்னு."

"ஹில்மர்கிட்ட நீயே கேக்கலாமே."

"அம்மா சொன்னாங்கன்னு அவர் என்கிட்ட நெறைய சொல்லியிருக்கார். அதுல எது அம்மா, எது அவர்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவள் கைப்பையிலிருந்து கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒற்றைக் குழியா, இரட்டைக் குழியா? ஏதாவது ஒன்றில் குறியிட்டுப் புதன்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். இரட்டை என்றால் பிர்தேயின் பக்கத்தில் ஹில்மருக்கு இடம் காத்திருக்கும். ஒற்றை என்றால் இல்லை. குறியிட வேண்டியவள் மகள். ஏனென்றால் ஹில்மரும் பிர்தேயும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தும் பதிவு அலுவலகப் பக்கம் போகவே இல்லை. போயிருந்தால் கப்பலில் செத்துப்போன முதல் கணவரின் விதவை ஓய்வூதியம் நின்றிருக்கும். பதிவு செய்யாமல் வாழ்வதை எங்கள் ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்தால்தான் தப்பாக நினைப்பார்கள்.

"பொய்னா இரட்டை. உண்மைன்னா ஒற்றை," என்றாள் சிக்னே. "எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்த மொழியைப் பத்தி மட்டும் என்கிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

அந்த மொழியைப் பற்றி அவளிடம்தான் சொல்லக் கூடாது. உங்களிடம் சொல்லலாம்.

அதன் பெயர் கூஸ்தால். கடற்கரை மொழி என்று பொருள். நார்வேயின் பெர்கனிலிருந்து பிரான்சின் கலே வரை வட கடலைச் சுற்றி இருக்கும் அத்தனை ஜனங்களும் ஒரே ஒரு குளிர்காலத்தில் கற்றுக்கொண்டு, ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு, சண்டையில்லாமல் வாழ வேண்டும் என்பதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்து செய்த மொழி. எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒரே காரியத்தை விரும்பினால் மூன்றாவது ஆள் சங்கம் பதிவு செய்துவிடுவார். கூஸ்தாலுக்கும் சங்கம் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், விதிமுறை, ஆண்டுக் கூட்டம் எல்லாம் உண்டு. கூட்டம் ஒரு சாராயக் கடையின் பின்கட்டில் நடக்கும். பக்கத்து அறையில் மரக்குண்டு உருட்டி விளையாடுவார்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைகள் சரிந்து விழும் சத்தம் வரும். அதைப் பற்றி நான் முன்பு எழுதியதில் தலைவருக்கு என்மேல் வருத்தம்.

ஹில்மர் தியாடன் தலைவரோ பேராசிரியரோ அல்ல. ரயில் சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் வினைச்சொல் குழு என்று ஒன்று இருந்தது. அதில் அவர் ஒருவர்தான் இருந்தார். பெயர்ச்சொற்களை எல்லாரும் விரும்பிச் செய்தார்கள். ரொட்டி, கப்பல், நிலா என்று ஒரே மாலையில் நூறு செய்யலாம். வினைச்சொல்லைத் தொட யாருக்கும் தைரியமில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்து மொழிகளிலெல்லாம் நேற்று நடந்ததைச் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, வினையின் வயிற்றுக்குள் இருக்கும் உயிரெழுத்தை மாற்றுவது. இப்போது குடிப்பது ட்ரிங்க் என்றால், நேற்றுக் குடித்தது ட்ராங்க். இன்னொன்று, வயிற்றைத் தொடாமல் பின்னால் ஒரு வால் ஒட்டுவது, ட்ரிங்க்த. ஒவ்வொரு மொழியும் சில வினைகளுக்கு வயிறு, சிலவற்றுக்கு வால் என்று தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. புதிதாக ஒரு மொழி செய்கிறவன் இதில் எதை வைப்பது?

ஹில்மர் முதலில் வயிற்றை வைத்தார். காரணம் பிர்தே. அவள் எஸ்பியர்கில் பிறந்த டேனிஷ்காரி. வந்த புதிதில் அவளுக்கு ஜெர்மன் நொண்டும், அவருக்கு டேனிஷ் சுத்தமாக வராது. பாத்திரம் கழுவும்போது ஹில்மர் எங்கள் பக்கத்து நாட்டுப்புற ஜெர்மனில் ஒரு வினையைச் சொல்வார். பிர்தே டேனிஷில் அதே வினையைச் சொல்வாள். இரண்டு வயிற்றிலும் இருக்கும் ஒலிகளை வைத்து நடுவில் ஒன்றைப் பிடிப்பார்கள். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் போய் எழுதி வைப்பார். அப்படியே பல குளிர்காலம். அதனால் கூஸ்தாலின் வினைகளில் பாதி அந்தச் சமையலறைத் தொட்டியில் பிறந்தவை. சங்கத்தில் மற்றவர்கள் கூஸ்தாலில் விதிமுறை எழுதினார்கள், வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். வீட்டில் உப்பு எங்கே, குடை எங்கே என்று அதில் சண்டை போட்டவர்கள் உலகத்திலேயே இவர்கள் இரண்டு பேர்தான்.

பிறகு ஆண்டுக் கூட்டத்தில் வால் கட்சி ஒன்று கிளம்பியது. புதிதாகக் கற்பவர்களுக்கு வயிறு கஷ்டம், எல்லா வினைக்கும் ஒரே வால் போதும் என்றார்கள். வாக்கெடுப்பு நடந்தது. ஒரே வாக்கில் வால் ஜெயித்தது. அந்த ஒரு வாக்கு ஹில்மருடையது; புதிதாக வருகிறவர்கள் தப்புச் செய்ய இடமே இருக்கக் கூடாது என்றார். பிர்தே பக்கத்து நாற்காலியில் எதிர்த்துக் கை தூக்கிக்கொண்டிருந்தாள். இதையும் நான் அப்போது எழுதினேன். ஊரே சிரித்தது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

*

முதலில் பக்கத்து வீட்டு ஆல்முத் டிர்க்சனிடம் போனேன். எந்த வதந்திக்கும் ஒரு ஊற்று உண்டு. எங்கள் தெருவில் அது பெரும்பாலும் ஆல்முத்தின் சமையலறையில்தான் சுரக்கும். தேநீர் ஊற்றினாள். கற்கண்டு கோப்பைக்குள் வெடிக்கும் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் மரியாதையாகச் சும்மா இருந்தோம்.

"நான் யாரைப் பத்தியும் பேசறதில்ல பையா. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"என் ஜன்னல் தெறந்திருந்துச்சு. அவங்க ஜன்னலும் தெறந்திருந்துச்சு. ஞாயித்துக்கிழமை. அவ படுக்கையில சாஞ்சு உக்காந்திருந்தா. இவன் கையில கோப்பை. அவ என்னமோ சொல்றா. இவன் சொல்றான், தப்பு, மறுபடி சொல்லு. அது மட்டும் ஜெர்மன்ல. அவ மறுபடி சொல்றா. தப்பு, மறுபடி சொல்லு. கோப்பை இவன் கையிலயே இருக்கு."

"அவங்க தண்ணிதான் கேட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"கையில கோப்பை இருக்கறவன்கிட்ட வேற என்னத்தக் கேப்பா, சைக்கிளா?"

"அப்புறம்?"

"அப்புறம் நான் ஜன்னலைச் சாத்திட்டேன். அடுத்தவங்க வீட்டை எட்டிப் பார்க்கற பழக்கம் எனக்கில்ல."

மூன்றாவது கோப்பை முடிந்ததும், இனி போதும் என்பதற்கு எங்கள் ஊர் அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்தினேன். அதைப் பார்த்த பிறகுதான் ஆல்முத் கெட்டிலைக் கீழே வைத்தாள். வாசல்வரை வந்து, "அவன் கெட்டவன் இல்ல. அதை எழுதாத," என்றாள். எதை எழுதக் கூடாது என்பதை அவள் தெளிவாகச் சொல்லவில்லை.

*

பிர்தேக்குப் பக்கவாதம் வந்தது வசந்த காலத்தில். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று, ஆனால் ஒரேயடியாக அல்ல, ஒரு விசித்திரமான முறையில். ஜெர்மன் போய்விட்டது. தாய்மொழியான டேனிஷும் போய்விட்டது. கூஸ்தால் மட்டும் மிஞ்சியிருந்தது. மருத்துவமனையில் முதலில் அவள் உளறுகிறாள் என்று எழுதி வைத்தார்களாம். ஹில்மர் போய் நின்று, "உளறல. முதுகுக்குக் கீழே தலையணை வேணும்னு சொல்றா," என்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூளையில் ஒவ்வொரு மொழியும் தனித்தனி அலமாரியில் இருக்கலாம், எந்த அலமாரி எரியும் எது தப்பும் என்று யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னாராம்.

அன்றிலிருந்து சிக்னே தொலைபேசியில் அழைத்தால் அம்மா பேசுவாள், ஹில்மர் மொழிபெயர்ப்பார். பன்னிரண்டு வயதில் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தச் சத்தத்தைக் கேட்டு, ஒரு சொல்கூடக் கற்க மாட்டேன் என்று சபதம் போட்டு, அதைக் காப்பாற்றியும் காட்டியவள் சிக்னே. தன் தாயைக் கேட்க அவளுக்கு இப்போது ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்தது. அந்த ஜன்னலில் ஹில்மர் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட செவிலி தோம்கேயைக் காரில் பிடித்தேன். அடுத்த நோயாளி வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமல் பேசினாள்.

"தண்ணியா? அவங்களுக்கு வெறும் தண்ணி குடுக்கவே கூடாதுங்க. விழுங்கற தசை போயிடுச்சு. குடுத்தா நேரா நுரையீரல். மாவு கலந்து கெட்டியாக்கி, ஆறவிட்டு, கரண்டியில குடுக்கணும். ஹில்மர்தான் கலக்குவார். என்னைவிட நல்லாக் கலக்குவார்."

"அப்ப கையில வெச்சிருந்த கோப்பை?"

"கெட்டியாகறதுக்குக் கொஞ்ச நேரம் நிக்கணும்ல. அதுக்காக வெச்சிருந்திருப்பார். ஊரு என்ன சொல்லுதுன்னு எனக்கும் தெரியும். அந்த மனுஷன் ஒரு வேளை தவறவிட்டதில்ல. எழுதணும்னா இதை எழுதுங்க."

எனக்கு வேலை முடிந்துவிட்டது. வதந்தி பொய். இரட்டைக் குழி. நன்றி சொல்லிக் கதவைச் சாத்தப் போனேன். தோம்கே கண்ணாடியை இறக்கினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அவங்க வாயே தெறக்கல. இன்னொரு அடைப்போன்னு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துட்டு, புதுசா ஒண்ணுமில்லைன்னுட்டார். பேச முடியாம இல்ல, பேசலைன்னார். சாகற வரைக்கும் பேசல. கரண்டிய நீட்டினா வாங்கிக்குவாங்க. அவரையே பார்த்துக்கிட்டு வாங்கிக்குவாங்க."

*

சங்கத் தலைவர் டாக்டர் ஃபோக்கனைப் பார்க்காமல் ஹில்மரிடம் போயிருக்கலாம். ஆனால் அவர் என்னைத் தெருவில் பார்த்துவிட்டார். ஓய்வு பெற்ற லத்தீன் வாத்தியார். டாக்டர் என்று கூப்பிடாவிட்டால் காது கேட்காது.

"இரங்கல் உரை நான்தான் வாசிக்கப் போறேன். முழுக்கக் கூஸ்தால்ல. தீர்மானிக்கப்பட்ட வடிவத்துல. நீங்க இதைக் கேலி பண்ண மாட்டீங்கன்னு நம்பறேன்."

"டாக்டர், தீர்மானத்துக்கு அப்புறமும் பிர்தே பழைய வயித்து வினையைத்தானே பேசினாங்க?"

"அது ஒரு தொந்தரவுதான். அவங்க உயிரோட இருந்தாங்க, அதனால முகத்துக்கு நேராச் சொல்லல."

"மொத்தமே பேசினது ரெண்டு பேர். அதுல ஒருத்தர் அப்படித்தான் பேசினாங்கன்னா, மொழி பாதி அப்படித்தானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேசறவங்க இஷ்டத்துக்கு விட்டா எந்த மொழிதான் உருப்பட்டிருக்கு?"

வால் வந்த பிறகு புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டேன். க்ரோனிங்கனிலிருந்து ஒருவர் வந்ததாகவும், நாய்க்கு உடம்பு சரியில்லாததால் நின்றுவிட்டதாகவும் சொன்னார்.

*

ஹில்மர் கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர் இன்னும் மெலிந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மேல்வரை போட்டிருந்தார். எங்கள் ஊர் வணக்கம் ஒரே சொல்தான்; மொய்ன் என்றேன். மொய்ன் என்றார். அதற்கு மேல் எங்கள் ஊரில் ஆறுதல் சொல்வது கிடையாது.

சமையலறைச் சுவர் முழுக்க வினை அட்டவணைகள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு வினைக்கும் ஒரு அட்டை. ஆறு மொழியில் அது எப்படி வருகிறது, எந்த ஒலி பெரும்பான்மை, என்ன முடிவு என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார். பழைய அட்டைகளில் வயிற்றைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் வாலை எழுதியிருந்தார். கோடு எல்லா அட்டையிலும் ஒரே நேராக இருந்தது. அளவுகோல் வைத்துப் போட்டிருப்பார்.

"சிக்னே அனுப்பினாளா?"

"ஆமா."

"தண்ணி விஷயமா?"

"அது பொய்னு தெரிஞ்சுடுச்சு. தோம்கே சொல்லிட்டா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அந்த ஞாயித்துக்கிழமை அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க."

அவர் உட்கார்ந்தார். மேஜை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவினார். பிறகு, சிக்னல் அறை வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டதற்குப் பதில் அல்ல என்று முதலில் நினைத்தேன்.

அடுத்த நிலையத்திலிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி வரும். அதை வந்தபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் நெம்புகோலில் கை வைக்கலாம். வகுத்து வைத்த வாசகத்தில் ஒரு சொல் பிசகினாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, தப்பு, மறுபடி சொல்லு என்று முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திருத்தலாம் என்று நினைத்தால் அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

"முழுசாத் தப்பான செய்தி வந்தா பயமில்ல. யாருக்கும் தப்புன்னு தெரிஞ்சுடும். பாதி சரியா வர்ற செய்திதான் ஆளைக் கொல்லும். நாப்பது வருஷம் அப்படித்தான் காதை வெச்சிருந்தேன்."

"வீட்லயுமா?"

"தீர்மானம் வந்த பொறவு. அவ வேணும்னே பழைய மாதிரி சொல்லுவா. நான் நிறுத்துவேன். தப்பு, மறுபடி சொல்லு. அவ அதையே இன்னும் சத்தமாச் சொல்லுவா. அப்புறம் துணியத் தூக்கி என் மேல போடுவா. அது ஒரு விளையாட்டுங்க. எங்களுக்குள்ள."

"நோய் வந்த பொறவுமா?"

"நோய் வந்த பொறவு அதுதான் விளையாட்டா மிஞ்சி இருந்துச்சு. நான் நிறுத்துவேன். அவ மொறைப்பா. சிரிப்பு பாதி முகத்துலதான் வரும். வரும் ஆனா."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையில் மாவைக் கலக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிர்தே நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இக் காஃப்" என்றாள். நான் கொடுத்தேன், என்று பொருள். பழைய வயிற்று வினை. வால் வைத்தால் கேஃப்த என்று வந்திருக்க வேண்டும். ஹில்மர் நிறுத்தினார். அவள் மறுபடி, "இக் காஃப்" என்றாள். மறுபடி நிறுத்தினார்.

"துணி இல்லாததால அவ கையத் தூக்கி எறியற மாதிரி காட்டுவா, எப்பவும். அன்னைக்குக் காட்டல. என்னைப் பார்த்தா. வாயை மூடிக்கிட்டா. அவ்வளவுதான்."

"என்ன கொடுத்தாங்க?"

"தெரியாது."

"யாருக்கு?"

"தெரியாது. அதெல்லாம் வினைக்குப் பின்னாடி வரும்."

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்து மொழிகளில், கூஸ்தாலிலும்தான், நான் என்று தொடங்கினால் அடுத்த சொல்லே வினை. யாருக்கு, எதை, ஏன், எப்போது எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வினையைக் கடைசியில் வைக்கிற மொழிகளும் உலகத்தில் உண்டு என்கிறார்கள். அந்த மொழிகளில் மனிதன் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வினையில் தப்பு செய்ய முடியும். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

"அப்புறம் நீங்க கேட்டீங்களா?"

"தினம் கேட்டேன். பழைய மாதிரியே சொல்லு, எப்படி வேணும்னாலும் சொல்லுன்னு கேட்டேன். நானே பழைய வயித்தை வெச்சுக் கேட்டேன். சங்கத்துக்குத் தெரிஞ்சா தெரியட்டும்னு. ஒண்ணும் வரல."

அவர் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவ எதுவும் இல்லாததால் மூடினார்.

"இதைச் சிக்னேகிட்ட சொல்லணுமா?" என்று நான்தான் கேட்டேன். "தண்ணி பொய்னு மட்டும் சொன்னாப் போதும். அவ அதைத்தான் கேட்டா. உங்களுக்குப் பக்கத்துல இடம் கிடைக்கும்."

ரயில்வேயில் நாற்பது வருஷம் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைக் கேட்காத மாதிரி இருக்க முயன்றார்.

"பாதிச் செய்தி போகக் கூடாது," என்றார். "அது அவளுக்குச் சொல்ல வந்ததா இருக்கலாம். கொடுத்தேன்னா மகளுக்குத்தான கொடுத்திருப்பா. அது போய்ச் சேரலைன்னு அவளுக்குத் தெரியணும். முழுசாச் சொல்லுங்க."

*

முழுசாகச் சொன்னேன். புதன்கிழமை காலை, கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு வெளியே, குடைக்குக் கீழே. தண்ணீர் பொய் என்றபோது சிக்னே தலையசைத்தாள். பேனாவைக்கூடக் கையில் எடுத்தாள். மிச்சத்தையும் சொன்னேன்.

"நான் கொடுத்தேன்," என்று அவள் ஜெர்மனில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "எதை?"

"அவருக்கும் தெரியாது."

"அம்மாகிட்ட கொடுக்கறதுக்கு என்ன இருந்துச்சு? ஒரு மோதிரம் இருந்துச்சு. அதை நான் சின்ன வயசுலயே தொலைச்சுட்டேன். என்னைத் தாத்தா வீட்ல ஒரு வருஷம் கொடுத்துட்டு வந்தாங்க. அதுவா? மன்னிப்புக் கேக்க வந்தாங்களா? ஒண்ணுமில்லாம, பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பால் கொடுத்தேன்னு சொல்ல வந்தாங்களா?"

"இருக்கலாம்."

"இனிமே எனக்கு அது பூனையா மட்டும் இருக்காது, புரியுதா? சாகற வரைக்கும் என்னென்னவோவா இருக்கும்."

குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் தாளின் ஓரத்தை நனைத்தது.

"தண்ணி குடுக்கலைன்னா, கொடுமைக்காரன்னு திட்டிட்டு மறந்திருப்பேன். தெனம் கரண்டியில ஊட்டியிருக்கார். அதுவும் தெரியுது. ஆனா அம்மாவுக்கு மிஞ்சினது அந்த ஒரு மொழி. அதைக் கேக்க இருந்தது இவர் ஒருத்தர். இவர் அங்க உக்காந்து வாத்தியார் மாதிரி தாள் திருத்திக்கிட்டிருந்தார்."

"நீ பொய்னா இரட்டைன்னு சொன்ன," என்றேன்.

"சொன்னேன். பக்கத்துல படுத்தா அங்கயும் திருத்துவார்."

ஒற்றையில் குறியிட்டாள். கையெழுத்துப் போட்டு உள்ளே போய்க் கொடுத்துவிட்டு, மதிய ரயிலைப் பிடிக்கப் போனாள். ஹில்மரிடம் நீயே சொல்லிவிடு என்று குடைக்குள்ளிருந்து சொன்னாள்.

சொன்னேன். அவர் வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

"ஒற்றைக் குழி. பக்கத்துல எனக்கு இடம் இல்ல," என்று திருப்பிச் சொன்னார். பிறகு காத்துக்கொண்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"சரி," என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை அடக்கம். பக்கத்து வீட்டு ஆண்கள் வழக்கப்படி பெட்டியைச் சுமந்தார்கள். ஹில்மரும் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சிக்னே பார்த்தாள், தடுக்கவில்லை. டாக்டர் ஃபோக்கன் தீர்மானிக்கப்பட்ட வடிவத்தில் நெடுநேரம் வாசித்தார். கூட்டத்தில் ஒருவரால்தான் அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். அந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் எல்லாரும் தேநீருக்கும் வெண்ணெய் கேக்குக்கும் போனார்கள். ஆல்முத் எனக்கு இரண்டு துண்டு வைத்தாள். தண்ணீர் விஷயம் பொய் என்று நான் சொன்னதும், "நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டாள்.

குழிமேல் வைத்த மலர் வளையங்களில் ஹில்மருடையது சிறியது. அதன் நாடாவுக்கு எல்லா நாடாவையும் போல இரண்டு முனை. இடது முனையில் பொன் எழுத்தில் இக் காஃப் என்று இருந்தது. வலது முனையில் ஒன்றும் அச்சிடவில்லை. மற்றவர்கள் அந்த முனையில்தான் பெயரைப் போடுவார்கள்.

சங்க விதிப்படி, உறுப்பினர் இறந்தால் மலர் வளையத்துக்கும் நாடாவுக்கும் சங்கம் பணம் தர வேண்டும். பூக்கடைக்காரி வீப்கே ரசீதைத் தலைவருக்கு அனுப்பினாள். நாடாவில் உள்ள வடிவம் தீர்மானத்துக்கு எதிரானது, அதற்குச் சங்கம் பொறுப்பாகாது, வளையத்துக்கு மட்டும் தருகிறோம் என்று டாக்டர் பதில் எழுதினார். வீப்கே ஹில்மரிடம் போனாள். அது என் வாசகம் இல்லை, பிர்தேயுடையது, அவள் கடைசிவரை சந்தா கட்டிய உறுப்பினர், சங்கம்தான் தர வேண்டும் என்றார் அவர். சிக்னேக்கு அனுப்பியதும் திரும்பி வந்தது. தனக்கு அந்த மொழி தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தாளாம்.

போன வாரம் பூக்கடைக்குப் போனேன்.

"பொன் எழுத்து எனக்குச் சும்மா வருதாங்க?" என்றாள் வீப்கே. "இத்தனைக்கும் பாதி நாடாதான் அச்சடிச்சேன், பாதி விலைதான் போட்டிருக்கேன். நான் யார்கிட்ட கேக்கறது?"

தெரியாது என்றேன். ரசீது இன்னும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.